டேட்டா சென்டர் சுவிட்ச் அப்டேட்: ரீலோடா, ஐஎஸ்எஸ்யுவா, பேட்சா, இல்லை சும்மா விட்டுவிடலாமா?

போன வாரம் பினாங்கிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பியிருந்தான். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை, உள்ளேயே சின்னதாக ஒரு சர்வர் அறை, அதில் ஜோடியாக இரண்டு சிஸ்கோ நெக்சஸ் சுவிட்ச் (சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி). நான்கு வருஷமாக யாரும் தொட்டதில்லை. இப்போது ஆடிட்காரர்கள் வந்து பார்த்து, வெர்ஷன் பழசு, ஓட்டை இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் மாற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். "அண்ணே, ஐஎஸ்எஸ்யு போட்டா லைன் நிக்காதுன்னு பாஸ் எங்கேயோ படிச்சிட்டாரு, அதையே செய்யச் சொல்றாரு, செய்யலாமா?" (ஐஎஸ்எஸ்யு என்றால் சுவிட்ச்சை நிறுத்தாமலே மென்பொருளை மாற்றும் முறை, ரீலோட் என்றால் சுவிட்ச்சை அணைத்து மறுபடி எழுப்புவது.)

இதே கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து ஐந்தாறு முறை கேட்டுவிட்டேன். கோலாலம்பூரில் வங்கிப் பக்கம் வேலை செய்யும் ஒரு அக்கா, பேட்ச் மட்டும் போட்டுத் தப்பிக்க முடியுமா என்று கேட்டார். இன்னொருவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு சோனிக் என்ற இலவசச் சுவிட்ச் மென்பொருளுக்கே போய்விடலாமா என்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் அனுப்பித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வேலை பார்ப்பது சைபர்ஜெயா பக்கம். கையில் அதிகம் புழங்கியது சிஸ்கோ நெக்சஸ், அடுத்து இன்னொரு தயாரிப்பாளரான அரிஸ்டா, அப்புறம் சோனிக் ஓடும் ஒயிட்பாக்ஸ் (மென்பொருள் இல்லாமல் வெறும் பெட்டியாக விற்கும் சுவிட்ச்) கொஞ்சம். என் சாய்வு அந்த வரிசையில்தான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிட்டேன்.

## எதை வைத்து அளப்பது

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் அறையைப் பற்றி ஐந்து விஷயம் தெரிய வேண்டும். இதில் முதலாவது மற்ற நான்கையும் விழுங்கிவிடும்.

சர்வர்களுக்கு இரண்டு கால் இருக்கிறதா, இரண்டும் உயிரோடு இருக்கிறதா. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஒரு கேபிள் இந்தச் சுவிட்ச்சுக்கு, ஒன்று அந்தச் சுவிட்ச்சுக்கு என்று விபிசியிலோ எம்லாகிலோ (இரண்டு சுவிட்ச்சை சர்வருக்கு ஒன்றாகக் காட்டும் முறை, முதலாவது சிஸ்கோவில், மற்றது அரிஸ்டாவில்) கட்டியிருந்தால், ஒரு சுவிட்ச்சை நிறுத்தினாலும் சர்வர் மற்றக் காலில் நிற்கும். படத்தில் எல்லாருக்கும் இரண்டு கால்தான். ஆனால் படம் வேறு, ரேக் வேறு. ஒருமுறை நள்ளிரவு ஒன்றரை மணிக்கு ஜோடியில் ஒன்றை ரீலோட் செய்தேன். இருபது வினாடியில் போன் அடிக்கிறது, பில்லிங் டேட்டாபேஸ் போய்விட்டது என்று. ஓடிப்போய் ரேக்குக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால், அந்தச் சர்வரின் இரண்டாவது போர்ட்டில் கேபிள் செருகியிருக்கிறது, விளக்கு எரியவில்லை. கேபிள் முனையில் இருக்கும் டிரான்சீவர் எப்போதோ செத்திருக்கிறது. லாக்கைத் திருப்பிப் பார்த்தால் எட்டு மாதம். எட்டு மாதமாக அந்தச் சர்வர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டிருந்திருக்கிறது, எங்கள் மானிட்டரிங்கில் அது ஒரு மஞ்சள் புள்ளி, மஞ்சளை யார் பார்க்கிறார்கள்? அன்றைக்கு அப்டேட்டில் ஒரு குறையும் இல்லை, ஆனால் விடிந்ததும் திட்டு வாங்கியது அப்டேட்தான்.

எது நிற்கும், எவ்வளவு நேரம். சுவிட்ச்சில் இரண்டு வேலை நடக்கிறது. பாக்கெட்டை வாங்கி அடுத்த போர்ட்டில் தள்ளுவது சிப்பின் வேலை. எந்த போர்ட்டில் தள்ளுவது என்று பக்கத்துச் சுவிட்ச்சுகளோடு பேசி முடிவெடுப்பது சிபியுவில் ஓடும் மென்பொருளின் வேலை. சமையல்காரர் தூங்கிவிட்டாலும் ஏற்கெனவே வடித்து வைத்த சோற்றைப் பந்தியில் பரிமாறிக்கொண்டே இருக்கலாம், அது மாதிரி. ஆனால் புதிதாக ஒரு ஆள் வந்து உட்கார்ந்து சப்பாத்தி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. "நிற்காது" என்று விற்பனைக்காரர் சொல்வது முதல் வேலையைப் பற்றி மட்டும்.

திரும்பி வரும் வழி. புது வெர்ஷன் பிடிக்கவில்லை என்றால் பழையதற்கு எத்தனை நிமிடத்தில் போகலாம், அதற்கு இன்னொரு முறை லைன் நிற்குமா. மலேசியாவில் வங்கி, காப்புறுதி ஆட்களுக்கு இது வெறும் ஆசை இல்லை: மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஆர்எம்ஐடி (தொழில்நுட்ப அபாய மேலாண்மை) விதிப்படி முக்கிய சிஸ்டம்களில் வாடிக்கையாளரைப் பாதிக்கும் திட்டமிடாத தடங்கல் 12 மாதத்துக்கு மொத்தம் 4 மணி நேரத்தையும், ஒரு சம்பவத்துக்கு 120 நிமிடத்தையும் தாண்டக் கூடாது. முன்கூட்டி அறிவித்த நிறுத்தம் வேறு கணக்கு. ஆக, அறிவிக்காமல் ஒரு வினாடிகூட நிற்காது என்று நம்பிச் செய்து தவறுவதைவிட, அறிவித்துவிட்டுப் பத்து நிமிடம் நிறுத்துவது அவர்களுக்கு மலிவு.

எது எதைச் சரிசெய்கிறது. சுவிட்ச் மென்பொருள் ஒரே துண்டு இல்லை. நெக்சஸில் என்எக்ஸ்-ஓஎஸ் என்ற முக்கிய மென்பொருள் ஒன்று, பெட்டியை எழுப்பும் பயாஸ் ஒன்று, இபிஎல்டி என்று போர்டில் இருக்கும் சில்லுகளுக்கான நிரல் ஒன்று, உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிஸ்குக்குத் தனி ஃபர்ம்வேர். உங்களுக்கு வந்த அறிவிப்பு எதைப் பற்றியது என்று பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுத்தால், ராத்திரி விழித்தும் ஓட்டை அப்படியே இருக்கும்.

ஆள். எத்தனை பேர், எந்த ராத்திரி. இது எல்லா வழியிலும் ஒளிந்திருக்கும் செலவு, ஏனென்றால் யாரும் இதை ரிங்கிட் கணக்கில் எழுதுவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தைப்பூசம் பொது விடுமுறை, டிராஃபிக் குறைவு, அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றக் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அணியில் இருக்கும் பாதிப் பேர் பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ காவடிக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பார்கள் என்பதை வாய் திறந்து சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

## சும்மா விடுவது

"ஓடுகிற வண்டியைத் தொடாதே" என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. டேட்டா சென்டர் சுவிட்ச் இணையத்தைப் பார்த்து நிற்பதில்லை, மேனேஜ்மென்ட் போர்ட் தனி நெட்வொர்க்கில் இருக்கிறது, அட்மின் கடவுச்சொல் நான்கு பேரிடம்தான். அப்படியென்றால் எதற்கு ஆபத்தை வரவழைத்துக்கொள்வது?

இரண்டு காரணம். முதலாவது, 2024 ஜூலையில் வெளிவந்த சிவிஈ-2024-20399 (பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது எண்). என்எக்ஸ்-ஓஎஸ் கட்டளை வரியில் ஒரு ஓட்டை. பயன்படுத்த அட்மின் உரிமை வேண்டும், அதனால் தீவிரம் நடுத்தரம் என்றுதான் மதிப்பிட்டிருந்தார்கள். நிறையப் பேர் படித்துவிட்டுத் தள்ளிவைத்தார்கள், நானும்தான். ஆனால் அந்த ஓட்டை வெளியே தெரியும் முன்பே வெல்வெட் ஆன்ட் என்று பெயரிடப்பட்ட ஒரு கும்பல், வேறெங்கோ திருடிய அட்மின் கடவுச்சொல்லோடு வந்து, அதன் வழியாகச் சுவிட்ச்சுக்குள்ளேயே தன் நிரலை வைத்திருந்தது. சுவிட்ச்சுக்குள் யார் ஆன்டிவைரஸ் ஓட்டுகிறார்கள்? வீட்டில் எல்லா அறையையும் பூட்டிவிட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து வைத்த கதை.

இரண்டாவது இன்னும் பிடிக்காதது: தொடாமல் இருந்தாலும் பெட்டி தானாக விழும். நெக்சஸ் 3000, 9000 வரிசையில் சில பெட்டிகளுக்குள் இருந்த ஒரு எஸ்எஸ்டி, மொத்தம் 28,224 மணி நேரம் ஓடியதும் பதில் சொல்வதை நிறுத்திவிடும் என்று சிஸ்கோ அறிவிப்பே விட்டது. கணக்குப் போட்டால் மூன்றே கால் வருஷம். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் திரும்ப வரும், ஆனால் சில வாரம்தான். இதில் வயிற்றைக் கலக்குவது என்னவென்றால், ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் ஆன் செய்த ஜோடியில் இரண்டுக்கும் மணிக்கணக்கு ஒன்றுதான். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்று கட்டிய ஜோடி இரண்டும் ஒரே ராத்திரி படுத்துக்கொள்ளலாம். தம்பியின் பெட்டி நான்கு வருஷமாக ஓடுகிறது என்றதும் நான் முதலில் கேட்டது மாடல் எண்ணைத்தான்.

சும்மா விடுவது சரியான இடமும் உண்டு. ஆறு மாதத்தில் பெட்டியே மாறப் போகிறது, ஆர்டர் போட்டாயிற்று, மேனேஜ்மென்ட் பக்கம் நன்றாகப் பூட்டியிருக்கிறது என்றால் விடுங்கள். ஆர்டர் போடாமல் "அடுத்த பட்ஜெட்டில் மாறும்" என்றால் அது இந்தக் கணக்கில் வராது.

## ஜோடியில் ஒவ்வொன்றாக ரீலோட்

என் கட்சி இதுதான். புது இமேஜை (மென்பொருள் கோப்பை) ஏற்றி, ஒரு சுவிட்ச்சிலிருந்து டிராஃபிக்கை விலக்கி, ரீலோட் செய்து, அது எழுந்து நிலைக்கு வந்ததும் அடுத்ததற்குப் போவது. அலங்காரம் இல்லாத வழி.

டிராஃபிக்கை விலக்குவது என்பதைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். நேராக ரீலோட் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவை அந்தச் சுவிட்ச் செத்ததைக் கண்டுபிடிக்கும் வரை பாக்கெட் விழும். நெக்சஸில் சிஸ்டம் மோட் மெயின்டனன்ஸ் என்று ஒரு கட்டளை, பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் (சுவிட்ச்சுகள் பாதை பேசிக்கொள்ளும் மொழிகள்), விபிசி எல்லாவற்றிலிருந்தும் பெட்டியை மெதுவாக விலக்கிவிடும். அரிஸ்டாவிலும் மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறது. பிஜிபி மட்டும் ஓடும் இடத்தில் ஆர்எஃப்சி 8326 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் கம்யூனிட்டி என்ற 'நான் விலகுகிறேன்' அடையாளத்தை ஒட்டினால் பக்கத்துக்காரர்கள் தாங்களாக வேறு பாதைக்குப் போவார்கள், அவர்கள் பக்கம் அதை மதிக்கும்படி அமைத்திருந்தால். விலக்கிய பிறகு இன்டர்ஃபேஸ் கவுன்ட்டரைப் பாருங்கள். எந்த போர்ட்டில் இன்னும் மெகாபிட் ஓடிக்கொண்டிருக்கிறதோ அதுதான் உங்கள் ஒற்றைக்கால் சர்வர். அங்கேயே நிறுத்தலாம், இன்னும் ரீலோட் கொடுக்கவில்லை. அந்த பில்லிங் ராத்திரிக்குப் பிறகு நான் இந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டியதே இல்லை.

மறைந்திருக்கும் செலவு எழும்போது வருகிறது. பெட்டி எழுந்தவுடன் சர்வர் பக்கத்து போர்ட்டுகளைத் திறந்துவிட்டால், மேலே ரூட் கற்று முடிக்கும் முன்பே சர்வர்கள் பாக்கெட்டை அனுப்ப ஆரம்பிக்கும், அவை கிணற்றில் போட்ட கல். இதற்காகத்தான் விபிசியில் டிலே ரெஸ்டோர் இருக்கிறது, இயல்பாக 30 வினாடி. ரூட் நிறைய இருக்கும் இடத்தில் அது போதாது, நான் கூட்டித்தான் வைப்பேன். அரிஸ்டாவின் எம்லாகில் இதே வேலைக்கு ரீலோட் டிலே, அங்கே பொறுமை அதிகம்.

இமேஜை நகர்த்துவதிலும் நேரம் போகும். கோப்பு ஒன்றிரண்டு ஜிபி இருக்கும். டிஎஃப்டிபி என்ற பழைய கோப்பு அனுப்பும் முறையில் இழுக்க முயன்று நடுவில் அறுந்து போய்த் தலையைப் பிய்த்துக்கொண்ட ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பழைய டிஎஃப்டிபி சர்வருக்கு 32 எம்பிக்கு மேல் எண்ணவே தெரியாது. எஸ்சிபி என்ற பாதுகாப்பான முறையில், முந்தின நாளே, பகலிலேயே ஏற்றி வையுங்கள், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று எம்டி5 பாருங்கள். ராத்திரி நேரத்தைக் காப்பி எடுப்பதில் கழிக்காதீர்கள்.

திரும்பும் வழி நேரானது: பழைய இமேஜ் பெட்டியின் பூட்ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது, பூட் வரியை மாற்றி ரீலோட். புது வெர்ஷனில் மட்டும் இருக்கும் புதுக் கட்டளை எதையும் அன்றைக்கே சேர்க்காமல் இருந்தால் கான்ஃபிக்கும் (பெட்டியின் அமைப்புகளும்) பொருந்தும். இரண்டு பெட்டியும் வெவ்வேறு வெர்ஷனில் இருக்கும் அந்த இடைவேளையில் கான்ஃபிக்கைத் தொடவே தொடாதீர்கள். ஒன்றை இன்றைக்கு, அடுத்ததை அடுத்த வாரம் என்று இழுப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். தயாரிப்பாளர்கள் அந்தக் கலப்பு நிலையை அப்டேட் நேரத்துக்கு மட்டும்தான் அனுமதிக்கிறார்கள்.

பயாஸ், இபிஎல்டி ஏதாவது பாக்கி இருந்தால் அதே ஜன்னலில் (அனுமதி வாங்கிய நேரத்துக்குள்) முடித்துவிடலாம். பெட்டியில்தான் டிராஃபிக்கே இல்லையே.

## ஐஎஸ்எஸ்யு, வார்ம் ரீபூட்

சிப் பழைய கணக்கில் பரிமாறிக்கொண்டே இருக்க, மேலே மென்பொருளை மட்டும் மாற்றுவது. நெக்சஸ் 9000இல் கட்டுப்பாட்டுப் பக்கம் 120 வினாடிக்குள் திரும்பி வரும் என்பது சிஸ்கோ சொல்லும் கணக்கு. சோனிக்கில் இரண்டு வகை: ஃபாஸ்ட் ரீபூட்டில் டிராஃபிக்கும் நிற்கும், ஆனால் அரை நிமிடத்துக்குள், வார்ம் ரீபூட்டில் டிராஃபிக் ஒரு வினாடிக்குள், கட்டுப்பாடு 90 வினாடிக்குள் என்பது இலக்கு.

அந்த 90 எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் இந்த வழியின் உடம்பே புரிந்துவிடும். இரண்டு பெட்டிக்கு நடுவே கேபிள்களைச் சேர்த்துக் கட்டும் எல்ஏசிபி, சாதாரண வேகத்தில் 30 வினாடிக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று சொல்லும், மூன்று முறை கேட்கவில்லை என்றால் மறுபக்கம் இணைப்பை அறுத்துவிடும். அதாவது 90. யாராவது ஃபாஸ்ட் வேகம் வைத்திருந்தால் ஒரு வினாடிக்கு ஒன்று, மூன்று வினாடியில் அறுந்துவிடும், சிப் எவ்வளவு விசுவாசமாகப் பரிமாறினாலும். ஓஎஸ்பிஎஃப் இயல்பாக 40 வினாடி பொறுக்கும். சிஸ்கோ பிஜிபி 180. இணைப்பு செத்ததைச் சட்டென்று கண்டுபிடிக்கும் பிஎஃப்டி போட்டிருந்தால் அது வினாடிக்குள்ளேயே கத்தும். ஆக உங்கள் பெட்டி நிற்காமல் இருப்பது உங்கள் பெட்டியின் கையில் இல்லை, சுற்றியிருக்கும் ஒவ்வொருவரின் பொறுமையின் கையில் இருக்கிறது. பக்கத்து ரூட்டரில் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் (நீங்கள் எழும் வரை பாதையை அறுக்காமல் பொறுக்கும் வசதி) இல்லையென்றால் முடிந்தது. ஃபயர்வால் அணி எல்ஏசிபியை ஃபாஸ்ட்டில் வைத்திருக்கிறதா என்று கேட்டால், அவர்கள் பார்த்துச் சொல்லவே ஒரு வாரம் ஆகும்.

நிபந்தனைகளும் நீளம். எந்த வெர்ஷனிலிருந்து எதற்கு என்று தனிப் பட்டியல், நான்கு வருஷப் பழசிலிருந்து ஒரே தாவலில் வர அநேகமாக வழி இருக்காது, நடுவில் ஒன்றிரண்டு படி ஏற வேண்டும். வலையில் சுழல் வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயில் பெட்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதும் கணக்கு, அதைப் பார்க்கவே ஷோ ஸ்பானிங்-ட்ரீ ஐஎஸ்எஸ்யு-இம்பாக்ட் என்று ஒரு கட்டளை உண்டு. இபிஎல்டி இதில் வராது, அதற்கு ரீலோட்தான். எல்லாவற்றுக்கும் மேலே, போவது நிற்காமல் போகலாம், திரும்பி வருவது நின்றுதான் வரும்: ஐஎஸ்எஸ்யு வழியாக டவுன்கிரேடு கிடையாது. "நிற்காது" என்று சொல்லி அனுமதி வாங்கியவர், பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வேண்டி வந்தால், நிறுத்த அனுமதி இல்லாத நேரத்தில் நிறுத்த வேண்டும்.

பிறகு இது யாருக்குத் தேவை என்றால், ரேக்குக்கு ஒரே ஒரு சுவிட்ச், சர்வருக்கு ஒரே கால் என்று ஆயிரக்கணக்கில் வைத்திருக்கும் பெரிய கிளவுட் ஆட்களுக்கு. அவர்களுக்கு விலக்கி வைக்க மற்றப் பெட்டியே இல்லை. நம்மில் யாருக்காவது அப்படி ஒரு சேமிப்பகமோ, ஒற்றைக்கால் பழைய யூனிக்ஸ் பெட்டியோ மாட்டியிருந்து, அதற்கு இரண்டாவது கால் போட வழியே இல்லை என்றால், அப்போது ஐஎஸ்எஸ்யு சரி. முதலில் ஷோ இன்ஸ்டால் ஆல் இம்பாக்ட் ஓட்டிப் பாருங்கள், டிஸ்ரப்டிவ் என்று பதில் வந்தால் அதை நம்புங்கள். நான்-டிஸ்ரப்டிவ் என்று வந்தாலும் ரீலோடுக்கான அனுமதியைச் சேர்த்தே வாங்குங்கள்.

## பேட்ச் மட்டும்

வங்கி அக்காவின் கேள்வி. பேட்ச்சுக்கு நெக்சஸில் எஸ்எம்யு என்று பெயர், அரிஸ்டாவில் எக்ஸ்டென்ஷன், லினக்ஸ் வகைச் சுவிட்ச் மென்பொருளான கியூமுலஸில் டெபியன் ஆட்களுக்குப் பழகிய ஆப்ட்-கெட். ஒரே ஓட்டைக்கு ஒரே தைப்பு. சில பேட்ச் ஒரு ப்ராசஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்யும், சிலது பெட்டியையே ரீலோட் செய்யச் சொல்லும், குறிப்பைப் படித்தால்தான் தெரியும். பேட்ச் என்றாலே நிற்காது என்று நினைத்தால் ஏமாற்றம்.

பள்ளம் எங்கே என்றால், எஸ்எம்யுவை ஆட், ஆக்டிவேட் என்று செய்து, ஷோவில் பார்த்து, மகிழ்ந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். கமிட் கொடுக்கவில்லை. அடுத்த ரீலோடில் பேட்ச் காற்றோடு போச்சு. அரிஸ்டாவிலும் அதே கதைதான், போட்ட எக்ஸ்டென்ஷனை பூட் பட்டியலில் சேர்க்காவிட்டால் மறுபிறவியில் அது இருக்காது. ஆறு மாதம் கழித்து மின்சாரம் போய் வரும், ஓட்டை திரும்ப வரும், அறிக்கையில் மட்டும் "சரிசெய்யப்பட்டது" என்று இருக்கும். இதை ஆடிட்காரர் கண்டுபிடிப்பதும் நீங்கள் கண்டுபிடிப்பதும் ஒரே நாளில் நடந்தால் நல்லது இல்லை.

இரண்டாவது செலவு மெதுவாகச் சேரும். எஸ்எம்யு குறிப்பிட்ட ஒரு வெர்ஷனுக்கென்றே தைத்தது. இருபது சுவிட்ச்சில் ஏழில் இந்தப் பேட்ச், நான்கில் அந்தப் பேட்ச், மீதியில் இரண்டும் என்று ஆனபின், எந்த இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி இல்லை. கியூமுலஸில் ஆப்ட் வழியாக மாதக்கணக்கில் ஏற்றினால் பழைய நிலைக்குத் திரும்புவதும் சுலபமில்லை.

பேட்ச் நல்ல இடம் ஒன்றுதான்: ஓட்டை இன்றைக்குச் சுரண்டப்படுகிறது (அதன் வழியாக ஆட்கள் ஏற்கெனவே உள்ளே நுழைகிறார்கள்), முழு அப்டேட்டுக்கான ஜன்னல் ஆறு வாரம் தள்ளி, நடுவில் சீனப் புத்தாண்டோ நோன்புப் பெருநாளோ வந்து மாற்றமே கூடாது என்று பூட்டியிருக்கிறார்கள். அப்போது தைத்துக்கொள்ளுங்கள், முழுச் சட்டைக்கான தேதியையும் கையோடு எழுதி வையுங்கள்.

## துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது

ஒயிட்பாக்ஸ் உலகத்துப் பழக்கம். பெட்டியில் ஓனி என்று ஒரு சின்ன நிறுவி எப்போதும் இருக்கும். அது முகவரி தரும் டிஹெச்சிபி சர்வரைக் கேட்டு இமேஜ் எங்கே என்று தெரிந்துகொண்டு இழுத்து ஏற்றும், அல்லது யுஎஸ்பி குச்சியிலிருந்து. அப்புறம் கான்ஃபிக், கிட் (Git) என்ற பதிப்புக் காப்பகத்திலிருந்து வரும். நெக்சஸில் இதற்கு இணையாக 'போவாப்' (POAP) என்ற தானாக நிறுவும் வசதி இருக்கிறது.

பிடித்த விஷயம்: நாளைக்கு ஒரு பெட்டி எரிந்து மாற்றுப் பெட்டி வந்தால் செய்ய வேண்டிய அதே வேலை இது. ஒவ்வொரு அப்டேட்டும் ஒத்திகை. பிடிக்காத விஷயம்: கான்ஃபிக் முழுதும் உண்மையிலேயே கிட்டில் இருக்க வேண்டும். போன வருஷம் யாரோ ராத்திரி மூன்று மணிக்குக் கையால் சேர்த்த ஒரு ஸ்டாட்டிக் ரூட் அதில் இல்லை என்பது துடைத்த பிறகுதான் தெரியும். சான்றிதழ், கடவுச்சொல், லைசன்ஸ் கோப்பு எல்லாம் அதே வகை.

சோனிக்கில் துடைக்காமலே ஒரு நல்ல வசதி உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரே டிஸ்கில் இரண்டு இமேஜ் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சோனிக்-இன்ஸ்டாலரில் அடுத்த பூட் மட்டும் புதியது என்று சொல்லலாம். பிடிக்கவில்லை என்றால் இன்னொரு ரீபூட்டில் பழையது திரும்பி வரும். மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்டு, 2022இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போன திட்டம் இது, இமேஜ் இறக்கக் காசு வேண்டாம். ஆனால் சமூகப் பதிப்பில் ராத்திரி போன் அடித்தால் எடுக்க ஆள் இல்லை. அதற்கு டெல் போன்றவர்கள் விற்கும் பதிப்புக்குக் காசு கொடுக்க வேண்டும், அப்போது மிச்சம் பிடித்த கணக்கை மறுபடி போட வேண்டும். மூன்று பேர் உள்ள அணியில் அந்த மூவருக்கும் லினக்ஸ் கை வராது என்றால் அப்டேட்டைச் சாக்காக வைத்து சோனிக்குக்குத் தாவாதீர்கள். இரண்டும் தனித்தனி முடிவு.

## ஒரே பார்வையில்

| வழி | நிற்பது | திரும்பும் வழி | மறைந்த செலவு |
|---|---|---|---|
| சும்மா விடுவது | பெட்டி நினைத்தபோது | இல்லை | ஓட்டை, வயதான எஸ்எஸ்டி |
| ஜோடியாக ரீலோட் | இரண்டு கால் சர்வருக்கு ஓரிரு வினாடி | பழைய இமேஜ், ஒரு ரீலோட் | ராத்திரி விழிப்பு, ஒற்றைக்கால் சர்வர் |
| ஐஎஸ்எஸ்யு | கட்டுப்பாடு மட்டும், சுற்றியிருப்பவர் பொறுத்தால் | ரீலோட் செய்துதான் | முன் ஆய்வு, இடைப்படி வெர்ஷன்கள் |
| பேட்ச் | பேட்ச்சைப் பொறுத்து | பேட்ச்சை நீக்குவது | கமிட் மறதி, பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு |
| துடைத்து ஏற்றுவது | முழுப் பெட்டி | மறுபடி துடைத்து ஏற்றுவது | கிட்டில் இல்லாத கான்ஃபிக் |

## கையாலா, கருவியாலா

சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு பெட்டி வரை கையால் செய்யுங்கள், கன்சோல் கேபிள் மாட்டி, குளிர் ரேக்குக்கு நடுவில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்று, பூட் வரிகள் ஓடுவதைக் கண்ணால் பாருங்கள். முதல் முறை செய்கிறவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. இருபதுக்கு மேல் போனால் நெக்சஸ் டாஷ்போர்டோ கிளவுட்விஷனோ (சிஸ்கோ, அரிஸ்டா விற்கும் மேலாண்மைக் கருவிகள்) வாங்கியிருந்தால் அது, இல்லையென்றால் பல பெட்டிக்கு ஒன்றாகக் கட்டளை அனுப்பும் ஆன்சிபிள்.

ஆன்சிபிளில் ஒரே ஒரு எச்சரிக்கை. அது இயல்பாகவே ஒரே நேரத்தில் ஐந்து பெட்டியில் வேலை செய்யும். சீரியல் 1 என்ற வரியை மறந்தால் ஜோடியின் இரண்டு பெட்டிக்கும் ஒன்றாக ரீலோட் போகும், இரண்டு காலும் ஒரே நேரத்தில் போய்விடும். நான் இதற்காகவே பட்டியலை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டு கோப்பாகப் பிரித்து வைத்திருக்கிறேன், ஒரு கோப்பு முடிந்து, எல்லாம் பச்சை ஆன பிறகுதான் அடுத்தது. பிளேபுக்கை (ஆன்சிபிளின் வேலைப் பட்டியலை) யார் ஓட்டினாலும், தூக்கக் கலக்கத்தில் ஓட்டினாலும், ஜோடி சேர்ந்து விழ வழியில்லை.

## கேட்டவர்களுக்கு

வங்கி அக்காவுக்கு: ஓட்டை சுரண்டப்படும் பட்டியலில் இருந்தால் எஸ்எம்யுவை இந்த வாரமே போட்டுக் கமிட் செய்துவிடுங்கள், முழு ரீலோடை அறிவித்த ஜன்னலில் வையுங்கள். 120 நிமிடம் என்பதை உச்சமாக வைக்காமல், 45ஆவது நிமிடத்தில் பெட்டி நிலைக்கு வரவில்லை என்றால் பேச்சில்லாமல் பழைய இமேஜுக்குத் திரும்புவது என்று எழுத்தில் போட்டு, அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். ராத்திரியில் மேலதிகாரியைத் தேடி போன் அடிப்பதில்தான் பாதி நேரம் போகும்.

சோனிக் ஆசைக்காரருக்கு: ஒரே ஒரு பெட்டி வாங்கி, லேபில் வைத்து, மூன்று முறை அப்டேட் செய்து, மூன்று முறை திரும்பி வந்து பாருங்கள்.

பினாங்குத் தம்பிக்கு: ஐஎஸ்எஸ்யு வேண்டாம். நான்கு வருஷப் பழைய வெர்ஷன், நடுவில் படி ஏற வேண்டும், ஒவ்வொரு படிக்கும் ஒரு ஐஎஸ்எஸ்யு, அதற்கு ஒவ்வொன்றாக ரீலோட் செய்வதே மேல். முதலில் இரண்டு பெட்டியிலும் போர்ட் நிலையை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார் என்று சொன்னேன். பாஸ் முகம் சுளித்தாராம், ஆனாலும் பார்த்திருக்கிறான். ஆறு சர்வருக்கு ஒரே கால். அதில் ஒன்று, தயாரிப்பு வரிசைக்கு லேபிள் அடிக்கும் சர்வர், அது நின்றால் வரிசையே நிற்கும். நேற்று இரவு மறுபடி வாய்ஸ் வந்தது: நான்குக்கு கேபிள் இழுத்து விளக்கு எரிகிறதாம். மீதி இரண்டுக்கும் நெட்வொர்க் கார்டே ஒற்றை போர்ட், புதுக் கார்டு கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும், அது வந்த பிறகுதான் தேதி. லேபிள் சர்வர் அந்த இரண்டில் ஒன்று.